மணியும் மின்விசையும்

தன் கடமையொன்றைக் கருவியிடம் ஒப்படைத்துவிட்ட மனிதன், அக்கடமையைத் தானே செய்தவன் ஆவானா? மனிதச் செயலை ஆராயும் அறநெறி இறையியல், அறிவையும் விருப்பத்தையும் சூழலையும் நுணுகி நோக்குகிறது. நாங்கள் குருமடத்தில் பயின்ற நாள்களில் இக்கேள்வியை எவரும் எழுப்பவில்லை; எழுப்ப வேண்டிய தேவையும் அன்று இருக்கவில்லை. இன்றோ அக்கேள்வி நம் வீட்டுச் சுவரிலேயே மாட்டப்பட்டிருக்கிறது.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரில், வீட்டின் பின்புறம் நீச்சல்குளம் இருப்பது பெருஞ்செல்வத்தின் அடையாளமன்று. நடுத்தரக் குடும்பங்களும் அதை வைத்திருக்கின்றன. பாலைநிலத்தில் குளமா என்று நமக்குக் கேட்கத் தோன்றும். கேட்கத்தான் வேண்டும்; கொலராடோ ஆற்றின் மீட் ஏரியில் நீர் வற்றியதால் 2021 ஆகஸ்டில் முதன்முறையாகப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டு, மறு ஆண்டில் அம்மாநிலத்தின் பங்கு குறைக்கப்பட்டது. ஆனால் 2023ஆம் ஆண்டுக் கோடையில் தொடர்ந்து 31 நாள்கள் 43 பாகை செல்சியசைக் கடந்த வெயிலை அந்நகரத்தார் தாங்கினர் என்பதையும் மறத்தல் ஆகாது. இது தனியே எழுதப்பட வேண்டிய பொருள்.

பணி நிமித்தம் அங்கே சில மாதங்கள் தங்கியிருந்தபோது, நாகர்கோவில் பக்கத்தைச் சேர்ந்த ஓர் அன்பரின் இல்லத்தில் அக்கருவியைக் கண்டேன். ஒரு சிறு இரும்புப் பெட்டி. உள்ளே 24 மணி நேரமும் பொறிக்கப்பட்ட வட்டத் தகடு. நாளொன்றுக்கு ஒருமுறை அது சுற்றி வருகிறது. அதன் விளிம்பில் திருகப்பட்ட இரு சிறு பற்களில் ஒன்று நெம்புகோலைத் தள்ளிப் பம்பை இயக்குகிறது, மற்றொன்று நிறுத்துகிறது. மின்கட்டணம் மிகுந்த மாலை வேளையைத் தவிர்த்து, நாள்தோறும் எட்டு மணி நேரம் ஓடுமாறு அதை அமைத்திருந்தார்கள். தகட்டைச் சுழற்றும் சிறு மோட்டார் ஒருநாள் எரிந்துபோயிற்று. பம்பு நின்றிருந்த வேளையில் தகடும் நின்றதால், பம்பு பிறகு ஓடவேயில்லை. கடும் வெயிலில் குளோரின் விரைவில் சிதைகிறது. நீரோட்டமும் இல்லையேல் பாசி பிடிக்க நெடுநாள் ஆகாது. நான்கு நாள் கழித்துக் குளம் பச்சையாயிற்று. அதன் பின்னரே வீட்டார் பெட்டியைத் திறந்து பார்த்தனர்.

பழுது நீக்குவது கடினமன்று. 240 வோல்ட் மின்சாரம், அதுவும் நீரருகில். ஆகவே முதலில் பிரேக்கரை அணைத்து, டெஸ்டரால் சோதித்து, மின்சாரம் அறவே இல்லையென்று உறுதி செய்ய வேண்டும். வரும் கம்பிகள் எவை, பம்புக்குப் போகும் கம்பிகள் எவை, நில இணைப்பு எது என்று குறித்துக்கொண்டு கழற்றி, புதிய இயந்திரத்தை அதே பெட்டியில் பொருத்தி, கம்பிகளை அவ்வவ்விடத்தில் முடுக்க வேண்டும். மின்பணியாளர் அரைமணி நேரத்தில் முடித்தார். ஆனால் புதிய இயந்திரம் வந்து சேர ஐந்து நாள் ஆயிற்று. அந்த ஐந்து நாளும் அன்பர் காலையில் நெம்புகோலைக் கையால் தள்ளிப் பம்பை ஓடவிட்டு, மாலையில் நிறுத்தினார். மோட்டார் எரிந்தாலும் அந்த நெம்புகோல் வேலை செய்யும்.

அப்போதுதான் அவர் கேட்டார்: “ஃபாதர், அம்மாவைக் கூப்பிடவும் போனில் அலாரம் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை ராத்திரி எட்டரைக்கு. அது அடிக்கவில்லையென்றால் எனக்கு ஞாபகமே வராது. இந்தப் பம்புக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?” அங்கே சனி இரவு எட்டரை என்றால், ஊரில் ஞாயிறு காலை ஒன்பது, முதல் பூசை முடிந்து தாயார் வீடு திரும்பியிருக்கும் நேரம்.

வேறுபாடு உண்டு என்றே கருதுகிறேன். 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் இயற்றிய மடத்து ஒழுங்கின் 47ஆம் இயல், செப வேளையை அறிவிக்கும் பொறுப்பை மடத்தின் தலைவரிடமே ஒப்படைக்கிறது. அவர் தாமே செய்யலாம், அல்லது கவனமுள்ள ஒரு சகோதரரிடம் விடலாம். 43ஆம் இயலோ, அடையாள ஒலி கேட்டதும் கையிலிருப்பதை விட்டுவிட்டு விரையுமாறு துறவியரைப் பணிக்கிறது. துறவியரும் மறப்பவர்களே என்பதை அவர் அறிந்திருந்தார். எந்திரக் கடிகாரங்களை முதலில் விரும்பி வைத்தவர்களுள் மடத்தாரும் உண்டு. இங்கிலாந்தின் டன்ஸ்டபிள் மடத்தில் 1283இல் ஒன்று அமைக்கப்பட்டது. ஆனால் அம்மணி செபம் சொல்லவில்லை, செபிக்க அழைத்தது. கேட்டவர் எழுந்து செல்லாவிடில் ஒன்றும் நிகழாது. டைமர் அத்தகையதன்று. அது யாரையும் அழைப்பதில்லை. வீட்டார் உறங்கினும் ஊரில் இல்லாவிடினும் வேலை நடக்கும். மணி மனித விருப்பத்தைத் தட்டி எழுப்புகிறது. மின்விசை அதன் இடத்தில் தானே அமர்ந்துகொள்கிறது.

உண்மையான அன்புக்கு நினைவூட்டல் வேண்டுமோ என்று சிலர் கேட்பர். இது கதைகளில் வரும் அன்பைப் பற்றிய பேச்சு. மரித்த பெற்றோரை நினைக்க நவம்பர் 2ஆம் நாளைத் திருச்சபை குறித்து வைத்திருப்பது, பிள்ளைகளின் மறதியை நன்கு அறிந்துதான். அலாரம் வைத்ததே அந்த மகன் தன் தாய்க்குச் செய்த முதல் மரியாதை. அஞ்ச வேண்டியது வேறொன்று. கை தானாக எண்ணை அழுத்த, வாய் தானாகச் “சாப்பிட்டியாம்மா” என்று கேட்க, கண் தொலைக்காட்சியில் நிலைத்திருக்குமானால், மணி அங்கே மின்விசையாகிவிட்டது. இந்த மாற்றம் ஓசையின்றி நிகழ்கிறது.

புனித தோமா அக்குவினா, நற்பண்பு என்பதே ஒருவகைப் பழக்கம் என்கிறாரே, பழகியதைச் சிந்தியாமல் செய்வது குற்றமா என்று குருமட மாணவர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். நல்ல வாதம். ஆயினும் தோமா கூறும் பழக்கம் விருப்பத்தை வேரிலேயே கொண்டது. நல்லதை எளிதாகவும் மகிழ்ச்சியாகவும் செய்ய அது துணைநிற்கும். அதே ஆசிரியர்தான் அசட்டையை விவேகத்துக்கு எதிரான குற்றமாகவும், செலுத்த வேண்டிய அக்கறையின் குறைவாகவும் விளக்கினார். பம்பை டைமரிடம் விட்டது அசட்டை ஆகாது; பம்புக்கு நம் அன்பு தேவையில்லை. நான்கு நாள் குளத்தை எட்டிப்பாராதது சிறிய அளவிலேனும் அசட்டையே. கருவியிடம் வேலையை ஒப்படைக்கலாம். பார்வையையும் அதனுடன் சேர்த்து ஒப்படைத்துவிடுகிறோம்.

இக்கேள்வி நம் பங்குகளுக்கும் வந்துவிட்டது. மூவேளைச் செபத்துக்குக் கோயில்பிள்ளை கயிறு பிடித்து மணி அடித்த ஊர்கள் சிலவற்றில், இன்று ஒலிபெருக்கியுடன் இணைத்த டைமர் அவ்வேலையைச் செய்கிறது. ஒருநாளும் பிந்துவதில்லை. வயல்வெளியில் ஒருவர் அதைக் கேட்டுச் சிலுவை அடையாளம் வரைந்தால், அது இன்னும் மணியே, அதில் ஐயமில்லை. ஆனால் முன்பு, மும்முறை அடித்து நிறுத்தி, அந்த இடைவெளியில் செபத்தைச் சொல்லி, மறுபடி கயிற்றை இழுத்த ஒருவர் இருந்தார். வேறு எவர் செபிக்காவிடினும் அவர் செபித்தார். இப்போது நண்பகல் 12 மணிக்கு அவ்வொலி எழும் நேரத்தில், கோயிலுக்குள் பெரும்பாலும் எவரும் இருப்பதில்லை.