பிடித்தவர் சொல்லும் சாட்சி

2008 ஜனவரி 6, சிட்னி டெஸ்டின் கடைசி நாள். பிரெட் லீ வீசிய பந்து சௌரவ் கங்குலியின் மட்டை விளிம்பில் பட்டு ஸ்லிப் பக்கம் தாழ்வாகப் போகிறது. மைக்கேல் கிளார்க் விழுந்து எடுத்துக் கையை உயர்த்துகிறார். 51 ரன் எடுத்திருந்த கங்குலி இடத்தைவிட்டு நகரவில்லை. அம்பயர் மார்க் பென்சன் மூன்றாவது அம்பயரைக் கூப்பிடாமல் ஆஸ்திரேலியக் கேப்டன் ரிக்கி பாண்டிங்கைப் பார்க்கிறார். பாண்டிங் விரலை உயர்த்துகிறார். அதன் பிறகுதான் பென்சனின் விரல் உயர்கிறது.

வழக்கில் ஒரு கட்சிக்காரரிடமே தீர்ப்பைக் கேட்டதுபோல் இது தோன்றும். ஆனால் பென்சன் தன் இஷ்டத்துக்கு அப்படிச் செய்யவில்லை. தாழ்வான கேட்சில் சந்தேகம் வந்தால் பிடித்தவர் சொல்லை ஏற்பது என்று இந்தியக் கேப்டன் அனில் கும்ப்ளேயும் பாண்டிங்கும் தொடருக்கு முன்பே பேசி வைத்திருந்தார்கள். காகிதத்தில் அழகான ஏற்பாடுதான். கேமராவை விட மனிதனை நம்புவோம் என்று இரண்டு கேப்டன்கள் கைகுலுக்கிக்கொள்வதில் என்ன குறை சொல்ல முடியும்? அந்தத் தொடர் முடிவதற்குள் அது கைவிடப்பட்டது. ஆட்டம் முடிந்ததும், ஒரே ஒரு அணிதான் விளையாட்டின் பண்போடு ஆடியது என்றார் கும்ப்ளே. அதிகம் பேசாத மனிதர் அவர்.

அந்த உடன்பாடு ஏன் உடைந்தது என்று பல முறை யோசித்திருக்கிறேன். கிளார்க் பொய் சொன்னார் என்பது நம் ஊர்த் திண்ணைத் தீர்ப்பு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் கை அறிந்ததை நாம் அறிய வழியில்லை. விடை அந்தக் கேட்சுக்கு முந்தைய நாட்களில் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

முதல் இன்னிங்ஸில் ஆண்ட்ரூ சைமண்ட்ஸ் 30 ரன்னில் இருந்தபோது பந்து மட்டையில் உரசி விக்கெட் கீப்பரிடம் போனது. அம்பயர் ஸ்டீவ் பக்னர் அவுட் கொடுக்கவில்லை. சைமண்ட்ஸ் நின்று ஆடி 162 எடுத்து ஆட்டமிழக்காமல் திரும்பினார். பந்து பட்டது என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். நான்காம் நாள், கும்ப்ளே வீசிய பந்தை நேராக ஸ்லிப்பில் நின்ற திராவிட் கையில் கொடுத்துவிட்டு, அம்பயர் விரல் உயரும் வரை காத்து நின்றார் கிளார்க். இதெல்லாம் விதிமீறல் இல்லை. முடிவு சொல்வது அம்பயரின் வேலை, அவர் சொல்லும் வரை நிற்பது பேட்ஸ்மேனின் உரிமை என்பது ஆஸ்திரேலிய மரபு. உலகில் பெரும்பாலோர் கடைப்பிடிப்பதும் அதுதான்.

ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மட்டையில் பட்டது தெரிந்தும் நிற்பவர் சொல்வது: என்னைக் கேட்காதே, அம்பயரைக் கேள். கேட்ச் பிடித்தவர் சொல்வது: அம்பயரைக் கேட்காதே, என்னைக் கேள். தனக்கு நஷ்டம் வரும் இடத்தில் மௌனம், லாபம் வரும் இடத்தில் வாக்கு. இரண்டும் தனித்தனியே நியாயமாக இருக்கலாம். ஒரே ஆளிடம், அடுத்தடுத்த நாட்களில் சேர்ந்திருந்தால் அந்த வாக்குக்கு எடை இருக்காது. உடன்பாடு அங்கேதான் உடைந்தது. வாக்கை ஏற்போம் என்று கையெழுத்துப் போடலாம். வாக்குக்கு மதிப்பு வர ஒப்பந்தம் போட முடியாது.

பாண்டிங் தரப்பையும் சொல்ல வேண்டும். அதே டெஸ்டில் திராவிட் கொடுத்த ஒரு கேட்சைத் தான் சுத்தமாகப் பிடித்ததாக உறுதியில்லை என்று தானே மறுத்ததை அவர் சுட்டிக்காட்டினார். அது உண்மையான சாட்சிதான். ஆனால் அணியின் மொத்தக் கணக்கில் அந்த ஒரு வரவு போதவில்லை.

பொய் என்று தெரிந்துவிட்டால் கதை எளிது. 2003இல் முல்தானில் பாகிஸ்தான் விக்கெட் கீப்பர் ரஷீத் லத்தீஃப், வங்கதேசத்தின் அலோக் கபாலி கொடுத்த கேட்சைத் தவறவிட்டும் பிடித்ததாகக் காட்டினார். பந்து தரையில் கிடந்தது படத்தில் தெரிந்தது. மேட்ச் ரெஃப்ரி மைக் ப்ராக்டர் ஐந்து ஒருநாள் போட்டிகளுக்குத் தடை விதித்தார். அதோடு முடிந்தது. நம்மைப் படுத்துவது அந்த வகை இல்லை. யாரும் பொய் சொல்லாமலே உண்மை கிடைக்காமல் போகும் வகை.

விதி என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. பந்தைப் பிடித்த கை தரையில் படலாம், பந்து படக்கூடாது. விரலுக்கும் புல்லுக்கும் நடுவே, கண் இமைக்கும் நேரத்தில், பாய்ந்து விழும் உடம்போடு இதை ஒருவன் எப்படி அறிவான்? கை பந்தை உணர்கிறது. அடியில் இருப்பது சுண்டுவிரலா புல்லா என்பதை மனம் பிறகுதான் இட்டு நிரப்புகிறது. அந்த மனத்துக்கு விக்கெட் வேண்டும். வேண்டியதைக் கண்டேன் என்று சொல்வதில் அதற்குக் கூச்சமே கிடையாது. அது ஏமாற்று வேலை இல்லை, ஏமாறுவது. முதலில் ஏமாறுபவர் சொல்பவரேதான்.

நேர்மையாளர்களுக்கும் இது நேரும். 2003 உலகக் கோப்பை அரையிறுதியில், போர்ட் எலிசபெத் மைதானத்தில், அரவிந்த டி சில்வா பந்தில் அம்பயர் ரூடி கோர்ட்சன் அவுட் கொடுக்காத நிலையிலும், மட்டையில் பட்டது என்று தானே நடையைக் கட்டியவர் ஆடம் கில்கிறிஸ்ட். ஆஸ்திரேலிய மரபுக்கே மாறான செயல். அதே கில்கிறிஸ்ட் அந்த சிட்னி டெஸ்டின் கடைசி நாளில் விக்கெட்டுக்குப் பின்னால் நின்று, திராவிட் அவுட் என்று உரக்கக் கேட்டார். பந்து பட்டது கால்காப்பில். மட்டை அதன் மறைவில் இருந்தது. பக்னர் விரலை உயர்த்தினார். கில்கிறிஸ்ட் ஒரே நாளில் வேறு மனிதராகிவிட்டாரா? அவர் கண் தவறியது என்று நம்புவதே எனக்கு எளிது, 2003இல் அவர் நடந்து போனதைப் பார்த்திருப்பதால்.

நம்பிக்கை செய்யும் வேலை இவ்வளவுதான் என்று எனக்குப் படுகிறது. ஒருவர் சொல்வதை அது உண்மையாக்கிவிடாது. அவர் சொல்வது தவறாகும்போது, அது தவறாக மட்டும் நிற்கும்படி பார்த்துக்கொள்ளும். நம்பிக்கை இல்லாத இடத்தில் அதே தவறு திருட்டாகிவிடும்.

கேமரா வந்துவிட்டால் யாரையும் நம்ப வேண்டியதில்லை என்று நினைத்தோம். மைதானத்தின் கோடியிலிருந்து நீண்ட லென்ஸ் வழியே எடுக்கும் படத்தில் ஆழம் தட்டையாகிவிடுகிறது; பந்துக்கும் தரைக்கும் இடையே உள்ள விரல்கள் புல்லில் மறைந்து, சுத்தமான கேட்சும் தரையில் பட்டதுபோல் தெரியும். 2023 ஜூனில் ஓவல் மைதானத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதிய உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி. போலண்ட் பந்தில் ஷுப்மன் கில் கொடுத்த கேட்சை கேமரூன் கிரீன் ஒற்றைக் கையால் எடுத்தார். மூன்றாவது அம்பயர் ரிச்சர்ட் கெட்டில்பரோ திரும்பத் திரும்பப் பார்த்து அவுட் என்றார். ஒரே படத்தை நிறுத்தி வைத்து இந்தியாவில் பாதிப் பேர் தரையைக் கண்டார்கள். ஆஸ்திரேலியாவில் பாதிப் பேர் விரலைக் கண்டார்கள். சமூக வலைதளத்தில் படத்தைப் போட்டுக் குத்திக்காட்டிய கில்லுக்கு ஆட்ட ஊதியத்தில் 15 சதவீதம் அபராதம். களத்து அம்பயர் முதலில் தன் கருத்தைச் சொல்லும் சாஃப்ட் சிக்னல் முறையை அந்த ஆட்டத்துக்குச் சில நாட்கள் முன்புதான் எடுத்திருந்தார்கள். அது இருந்தாலும் சண்டை, இல்லாவிட்டாலும் சண்டை.

நம் கண் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க சூர்யகுமார் யாதவ் ஒருவர் போதும். 2021 மார்ச்சில் அகமதாபாத்தில் இங்கிலாந்துக்கு எதிரான டி20. 31 பந்தில் 57 அடித்திருந்த அவரைத் தாழ்வாகப் பிடித்தார் டேவிட் மலான். பந்து தரையில் பட்டதுபோல் படத்தில் தெரிந்தது. களத்தில் அவுட் என்று சொல்லியிருந்ததை மாற்றப் போதுமான ஆதாரம் இல்லை என்று மூன்றாவது அம்பயர் கைவிரித்தார். அநியாயம் என்று நாடே கொந்தளித்தது. 2024 ஜூன் 29, பார்படோஸில் டி20 உலகக் கோப்பை இறுதி. கடைசி ஓவரில் தென்னாப்பிரிக்காவுக்கு 16 ரன் தேவை. முதல் பந்தை டேவிட் மில்லர் தூக்கி அடிக்க, எல்லைக் கயிற்றருகே சூர்யகுமார் பிடித்து, மேலே தூக்கிப் போட்டு, வெளியே போய், உள்ளே வந்து மறுபடி பிடித்தார். கயிறு பழைய இடத்திலிருந்து தள்ளி இருந்தது, ஷூ பட்டது என்றெல்லாம் அந்தப் பக்கத்தில் பேசினார்கள். நாம் 7 ரன்னில் கோப்பையை வென்றிருந்தோம். மூன்றாவது அம்பயர் பார்த்துச் சொல்லிவிட்டாரே, அப்புறம் என்ன பேச்சு என்றோம். 2021இல் மூன்றாவது அம்பயரை நம்பாத அதே வாய்கள்தான்.

இரண்டு கேட்சிலும் யார் சரி என்று நான் வாதாட வரவில்லை. நமக்குச் சாதகமான சந்தேகத்தைத் தீர்ப்பு என்கிறோம். பாதகமான தீர்ப்பைச் சந்தேகம் என்கிறோம். வீட்டுப் பாகப்பிரிவினையிலும், அலுவலகத்தில் யார் தவறு என்று கேள்வி வரும்போதும் நாம் சாட்சி சொல்லும் விதம் இதுவே.

தெரு கிரிக்கெட்டில் இதற்கு ஒரு வழி இருந்தது. எங்கள் தெருவில், தமிழ்நாட்டின் பெரும்பாலான தெருக்களைப் போலவே, பேட்டிங் டீம்காரன்தான் அம்பயர். எதிராளியின் ஆளே தீர்ப்பு சொல்லும் ஆட்டம் அரை மணி நேரம்கூட ஓடாது என்றுதான் தோன்றும். வருஷக்கணக்காக ஓடியது. “தரையில பட்டுச்சுடா”, “அம்மா சத்தியமா படலடா” என்ற கூச்சலுக்கு நடுவே சில பையன்கள் சொன்னால் மட்டும் எதிர்க்கட்சி அடங்கும். அந்தப் பையன்கள் அதிகம் சத்தியம் செய்தவர்கள் இல்லை. யாரும் கவனிக்காதபோது மட்டையைக் கீழே வைத்துவிட்டு “பட்டுச்சு” என்று போனவர்கள். அவர்கள் “தெரியலடா” என்றால் கேட்ச் ரத்து. பந்தைத் திரும்பப் போடுவோம். “தெரியல” என்ற பதிலுக்கு அந்தத் தெருவில் இடம் இருந்தது. பெரியவர்களின் உலகில் அதைச் சொன்னால் பலவீனம் என்று ஆகிவிடுகிறது. நீதிமன்றத்திலிருந்து தொலைக்காட்சி விவாதம் வரை எல்லோருக்கும் எல்லாம் தெரிந்தே இருக்கிறது.

தனக்கு எதிராகச் சாட்சி சொல்வதன் விலை என்ன என்று கேட்டால் 1980 பிப்ரவரியில் பம்பாயில் நடந்த பொன்விழா டெஸ்ட் நினைவுக்கு வரும். இங்கிலாந்து 58 ரன்னுக்கு 5 விக்கெட். கீப்பர் கையில் கேட்ச் என்று பாப் டெய்லரை அம்பயர் ஹனுமந்த ராவ் அவுட் கொடுத்துவிட்டார். மட்டையில் படவில்லை என்று டெய்லர் தயங்கி நின்றார். ஸ்லிப்பில் இருந்த கேப்டன் குண்டப்பா விஸ்வநாத் அம்பயரிடம் பேசி அவரைத் திரும்ப ஆடவைத்தார். டெய்லரும் இயன் போத்தமும் சேர்ந்து 171 ரன் குவித்தார்கள். போத்தம் சதம் அடித்து, 13 விக்கெட்டும் எடுத்தார். இந்தியா 10 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. இந்தியாவுக்கு விஸ்வநாத் கேப்டனாக இருந்தது இரண்டே டெஸ்ட். இது அதில் ஒன்று.

இதை நீதிக்கதையாகச் சொல்வது சுலபம். எனக்கு அதில் ஒரு நெருடல் உண்டு. அந்த விக்கெட் விஸ்வநாத்தின் சொந்தச் சொத்தா? பதினோரு பேர் உழைப்பில் வந்ததை ஒருவர் தன் பெருந்தன்மைக்குச் செலவழிக்கலாமா? மகன் படிப்புக்கு வைத்த பணத்தைத் தானம் செய்யும் அப்பாவிடமும் இதே கேள்வியைக் கேட்போம். யோசித்துப் பார்த்தால் விடை வேறு திசையில் கிடைக்கிறது. தானம் என்பது தன்னிடம் இருப்பதைக் கொடுப்பது. மட்டையில் படாத பந்தின் கேட்ச் இந்திய அணியிடம் இருக்கவே இல்லை. தவறி நம் பையில் விழுந்ததை எடுத்துக் கொடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இதைப் பெருந்தன்மை என்று நாம் புகழ்வதே, அந்தச் சாதாரணக் கடமை எவ்வளவு அரிதாகிவிட்டது என்பதற்கு அத்தாட்சி.

வீரர்களை மட்டும் கேட்பது நியாயமில்லை, பார்ப்பவர்களுக்கும் பங்குண்டு. 1999 ஜனவரி, சேப்பாக்கம். பாகிஸ்தானுக்கு எதிராக 271 இலக்கு. சக்லைன் பந்தில் கங்குலி அடித்தது அருகில் நின்ற ஃபீல்டர் மீது மோதித் திரும்பி மொயின் கான் கைக்குப் போனது. நடுவில் தரையில் பட்டதா இல்லையா என்ற சர்ச்சையோடுதான் கங்குலி வெளியேறினார். முதுகுவலியோடு ஆடி 136 எடுத்த சச்சின் 254இல் போனார். மீதி மூன்று விக்கெட்டும் நான்கே ரன்னில் விழுந்தன. 12 ரன்னில் தோல்வி. கையில் ஒரு சர்ச்சையும் வாயில் ஒரு சாக்கும் இருந்தன சென்னைக் கூட்டத்துக்கு. ஆனால் பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அந்தக் கேட்சை அவர்கள் மறந்துவிட்டிருக்க மாட்டார்கள். ஒரு சந்தேகத்தைச் சந்தேகம் என்ற அளவிலேயே வைத்துக்கொண்டு, நான்கு நாள் பார்த்த ஆட்டத்தை அதன் அளவில் மதித்தார்கள்.

ஆகவே யாராவது என் பேச்சை நம்ப மறுக்கும்போது, அவர் எவ்வளவு சந்தேகப் பிராணி என்று அளப்பதற்கு முன், வேறு ஒன்றை எண்ணிப் பார்க்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்: எனக்கு நஷ்டம் தரும் உண்மை ஒன்றை, கேட்பார் யாரும் இல்லாதபோது, நானாகக் கடைசியாக எப்போது சொன்னேன்? பதில் உடனே வந்தால் என் கோபத்துக்கு நியாயம் உண்டு. வரவில்லை என்றால், என்னிடம் இருப்பது வாக்கு இல்லை, அப்பீல் மட்டுமே. அதை ஏற்பதும் தள்ளுவதும் எதிரில் இருப்பவரின் உரிமை.