உயிர் ஒரு கோப்பா?

உடல் வன்பொருள், உயிர் மென்பொருள் என்னும் ஒப்புமையை ஆன்மிகச் சொற்பொழிவுகளில் இப்போது அடிக்கடி கேட்க முடிகிறது. ஹார்ட் டிஸ்க் பழுதானால் அதிலுள்ள கோப்பை வேறொன்றுக்கு மாற்றிக்கொள்வதுபோல உயிரும் உடல் விட்டு உடல் போகிறது என்கிறார்கள். பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் வரும் ஆடை உவமைக்கு இக்கால விளக்கமாகவும் இது சொல்லப்படுகிறது. துக்கத்தில் இருப்பவருக்கு இது ஆறுதல் தரும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சேமிப்புக் கருவிகள் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால், நிலையான ஆன்மா என்ற கொள்கையைவிட அதை மறுத்த பௌத்தத்துக்கே அவை அதிகம் துணை நிற்கின்றன.

கணினியின் ரேமை எடுத்துக்கொள்வோம். ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு 1960களில் வகுத்த முறைப்படி, அதில் ஒவ்வொரு பிட்டும் நுண்ணிய மின்தேக்கியில் தங்கும் மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே சில்லு, பொதுவாக 64 மில்லி நொடிக்குள், எல்லா வரிசைகளையும் ஒருமுறை படித்துத் திரும்ப எழுதிவிடுகிறது. திரையில் அசையாமல் நிற்கும் ஒரு சொல்லை நாம் வாசித்து முடிப்பதற்குள் அது உள்ளே பலமுறை புதிதாக எழுதப்பட்டிருக்கும். ஃபிளாஷ் நினைவகத்தில் இதே கசிவு மெதுவாக நடக்கிறது. எழுதி அழிக்க அழிக்க, எலக்ட்ரான்களை அடைத்துவைத்த காப்புப் படலம் தேய்கிறது. அதனால் எஸ்எஸ்டியின் கட்டுப்பாட்டுச் சில்லு நமக்குத் தெரியாமலே தரவை இடம் மாற்றுகிறது, பிழைகளைத் திருத்துகிறது. கோப்பு என்று நாம் பெயரிட்டிருப்பது ஓயாமல் நடக்கும் ஒரு செயல். மிலிந்த பன்ஹா என்னும் பௌத்த நூலில் நாகசேனர் என்ற துறவி காட்டும் விளக்கும் இப்படிப்பட்டதே. முதல் யாமத்துச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றுமல்ல, வேறுமல்ல. ஒரு விளக்கால் இன்னொன்றை ஏற்றும்போது எதுவும் கடந்து போவதில்லை. மணிமேகலையின் கடைசிக் காதையும் பிறவியைப் பன்னிரு சார்புகளின் தொடராகவே விளக்குகிறது.

தாங்கும் பொருள் மாறினாலும் பிட்டுகளின் வரிசை மாறவில்லையே, அந்த வரிசையே உயிர் என்று கொள்ளலாமே என்று கேட்கலாம். இது வலுவான கேள்வி. ஆனால் வரிசை ஒரு பொருளை விட்டு இன்னொன்றுக்குப் போகுமே தவிர, எந்தப் பொருளும் இல்லாமல் தனித்து நின்றதில்லை. கம்பியில் ஓடும்போதும் அது மின்சாரம்தான். பிட் பொருளோடு பிணைந்திருப்பதால், அதை அழிப்பதற்கே குறைந்தபட்ச வெப்பம் வெளியாக வேண்டும் என்று ரால்ஃப் லாண்டவர் 1961இல் காட்டினார். 2012இல் சோதனையும் அதை உறுதிசெய்தது. இதைவிடப் பெரிய சிக்கல் பிரதியில் இருக்கிறது. ஒரு கோப்பை ஒரே நேரத்தில் பத்து இடங்களில் வைக்கலாம், பத்தும் சமம். ஆன்மக் கொள்கைக்கோ ஒருமை உயிர்நாடி: வினை செய்தவனே அதன் பயனையும் நுகர வேண்டும். பத்துப் பிரதிகளில் எது வினைக்குப் பொறுப்பு? கோப்பு இதற்கு விடை தராது. பௌத்தருக்கும் இங்கே சங்கடம் உண்டு, ஒரு விளக்கால் பல விளக்குகளை ஏற்றலாம் அல்லவா. நட்ட மாங்கனி வேறு, திருடிய மாங்கனி வேறு என்று திருடன் தப்ப முடியாது என்ற நாகசேனரின் வாதம் பொறுப்பு தொடர்வதை விளக்குகிறது. அந்தத் தொடர் இரண்டாகக் கிளைத்தால் என்னாகும் என்பதை விளக்கவில்லை.

அப்படியானால் ஆன்மா இல்லை என்று ஆகிவிட்டதா? இல்லை. ஓர் உவமை தோற்றதால் அது சுட்டிய பொருளும் பொய்யாகாது. ஆன்மாவை நம்புகிறவர்களுக்குக் கோப்பைவிட உறுதியான இடம் ஒன்று இருக்கிறது: பதிவு அல்ல, அதைப் படிப்பவர். இங்கிலாந்தின் 1086ஆம் ஆண்டு நிலக் கணக்கெடுப்புப் பதிவான டூம்ஸ்டே ஏட்டின் 900ஆம் ஆண்டையொட்டி பிபிசி 1986இல் லேசர் வட்டுகளில் ஒரு பதிப்பு வெளியிட்டது. படிக்கும் கருவிகள் அரிதானதால், பதினைந்தே ஆண்டுகளில் அதை மீட்கத் தனி முயற்சி தேவைப்பட்டது; பழைய தோல் ஏட்டைக் கண்ணால் படிக்க இன்றும் தடையில்லை. பதிவு தன்னைத் தானே அறிவதில்லை, அறிபவர் வேண்டும். சைவ சித்தாந்தம் உயிரை அறியும் பொருளாக வைத்து, உடலையும் கருவிகளையும் அறிவற்றவையின் பக்கம் நிறுத்துகிறது. உயிரைக் கோப்பு என்று சொல்லும்போது, வாசிக்கப்படும் பொருளின் வரிசையில் அதைச் சேர்த்துவிடுகிறோம். உயிரை உயர்த்துவதற்காக எடுத்த உவமை அதைக் கருவிக்குள் கிடக்கும் ஒன்றாக இறக்கிவிடுகிறது. சித்தாந்தி இதற்கு ஒருபோதும் உடன்படமாட்டார்.