கொள்வோன் அறிவும் விற்போன் அறியாமையும்

இலண்டன் மாநகரின் போட்டபெல்லோ வீதியிலே சனிக்கிழமைதோறும் கூடும் பழம்பொருட் சந்தையில், ஒரு தட்டு நிறையப் பழைய ஊற்றுப்பேனைகள் கிடக்கின்றன எனக் கொள்க. எதனை எடுப்பினும் ஐந்து பவுண் என்று மட்டைத் துண்டொன்றில் எழுதப்பட்டுள்ளது. அவற்றுள் ஒன்று பார்க்கர் கம்பனியின் '51' எனும் வகையைச் சேர்ந்தது. விற்பவர் கண்ணுக்கு அது கருஞ்சிவப்பு நிறமான ஒரு பேனை, அவ்வளவே. வாங்க வந்தவரோ, அது பெருந்தொகையாகச் செய்யப்பட்ட கருஞ்சிவப்பு அன்று, 1940களின் இறுதியிற் குறுகிய காலம் மட்டுமே செய்யப்பட்ட 'பிளம்' எனும் ஊதா கலந்த நிறம் என்பதை ஒரு நோக்கிலேயே கண்டுகொள்கிறார். சேகரிப்போர் அந்நிறத்துக்குப் பன்மடங்கு விலை தருவர் என்பதும் அவருக்குத் தெரியும். ஐந்து பவுணைக் கொடுத்துப் பேனையைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு அவர் நடந்துவிடுகிறார். பொய் எதனையும் அவர் கூறவில்லை. கேட்ட விலையைக் குறைக்குமாறும் வேண்டவில்லை. அவர் செய்ததில் தவறு உண்டா?

இவ்வினா ஒரு சிறு பொழுதுபோக்கைப் பற்றியதாகத் தோன்றலாம். ஆயினும் வாங்குவோன் அறிந்ததை விற்போனுக்குக் கூறக் கடமைப்பட்டவனா என்பது இரண்டாயிரம் ஆண்டுகட்கு மேலாக அறவியலாரையும் சட்ட அறிஞரையும் அலைக்கழித்த வினாவாகும். பழைய பேனைகளின் வாணிகம் அவ்வினாவைக் கலப்பின்றிக் காட்டுகின்றமையால் அதனை உதாரணமாகக் கொள்ளுதல் பொருத்தமுடையது.

ஊற்றுப்பேனை ஒருகாலத்தில் விலையுயர்ந்த கருவி. பார்க்கர் '51' 1941ஆம் ஆண்டு அமெரிக்காவிற் சந்தைக்கு வந்தபோது அதன் விலை 12 டொலர் 50 சதம். 1945 ஒக்டோபரில் நியூயோர்க்கின் கிம்பெல்ஸ் கடையில் ரெனால்ட்ஸின் குமிழ்முனைப் பேனை முதன்முதலாக விற்பனைக்கு வைக்கப்பட்டபோது அதற்கும் அதே 12 டொலர் 50 சதமே விலை. பின்னர் குமிழ்முனைப் பேனையின் விலை சதக்கணக்கிற்கு வீழ்ந்தது. ஊற்றுப்பேனை மேசை இலாச்சிகளுள் ஒதுங்கியது. அங்கே ஒதுங்கிய பேனைகளுக்கு இன்று இரண்டு விலைகள் உள. அறியாதார் கூறும் விலை ஒன்று. அறிந்தார் தமக்குள் கொடுத்துக் கொள்ளும் விலை மற்றொன்று. வோட்டர்மன் கம்பனியின் 7ஆம் இலக்கப் பேனையின் முள்ளில் 'பிங்க்' எனும் ஒரு சொல் பொறிக்கப்பட்டிருப்பின், அது அழுத்தத்துக்கேற்ப நெகிழ்ந்து எழுதும் முள் என்பது பொருள். அச்சொல்லொன்றே விலையை உயர்த்திவிடும். ஆங்கிலப் பேனையொன்றின் மேலுறையில் 375 எனும் சிற்றிலக்கம் காணப்படின் அது முலாம் அன்று, ஒன்பது கரட் பொன்.

இவற்றுள் எதுவும் மறைந்து கிடப்பதன்று என்பது ஈண்டு முக்கியமானது. சொல்லும் இலக்கமும் நிறமும் விற்போன் கண்முன்னேயே உள்ளன. அவற்றை வாசிக்கும் ஆற்றலே அவனிடம் இல்லை. சந்தையறம் பற்றிய வழமையான எச்சரிக்கைகள் இதற்கு நேர்மாறான நிலையை மனத்திற் கொண்டவை. விற்பவன் பண்டத்தின் குற்றத்தை அறிவான், வாங்குபவன் அறியான். ஆதலின் வாங்குபவன் விழிப்பாயிருத்தல் வேண்டும் என்பதே அவற்றின் சாரம். அறிவு வாங்குபவன் பக்கத்தில் இருக்கும்போது யார் யாரை எச்சரிப்பது?

உரோம அறிஞர் சிசரோ கி.மு. 44இல் எழுதிய கடமைகள் பற்றிய நூலின் மூன்றாம் பகுதியில், பஞ்சத்தால் வாடிய றோட்ஸ் தீவுக்கு அலெக்சாந்திரியாவிலிருந்து தானியம் கொண்டுவரும் வணிகன் ஒருவனைப் பேசுகிறார். வேறு கப்பல்களும் பின்னால் வருகின்றன என்பதை அவ்வணிகன் அறிவான். அதனைக் கூற வேண்டுமா? கூறாமை மறைத்தலாகாது என்பது டயோஜனிஸ் எனும் ஸ்தோயிக்கரின் கட்சி. மக்கள் நலனுக்குரியதைக் கூறாதிருத்தல் ஆகாது என்பது அவர் மாணவர் அந்திப்பாற்றரின் கட்சி. சிசரோ மாணவர் பக்கமே சாய்கிறார். பலரும் எடுத்துக்காட்டும் பகுதி இது. ஆயின் பேனை வாங்குவோனுக்கு உரிய கதை அதே நூலில், அதிகம் கவனிக்கப்படாத வேறோர் இடத்தில் உள்ளது. குவின்டஸ் ஸ்கேவோலா என்பவர் தோட்டமொன்றை வாங்க விரும்பி, இறுதி விலையை ஒரே சொல்லிற் கூறுமாறு உரியவரைக் கேட்டார். அவர் கூறினார். அது அதற்கும் மேலே பெறும் என்பது தமது மதிப்பீடு எனச் சொல்லி, ஸ்கேவோலா ஓரிலட்சம் செஸ்தர்ஸ் நாணயத்தைக் கூட்டிக் கொடுத்தார். அது நல்லவரின் செயல் என்பதை எவரும் மறுக்கவில்லை. அறிவுடையவரின் செயல் அன்று என்றே பலர் கருதினர் எனச் சிசரோ குறிப்பிடுகிறார். நன்மையும் சாதுரியமும் இவ்வாறு இரு வேறு பொருள்களாகப் பிரிக்கப்பட்டதே அவருக்கு மனக்குறை.

மத்திய கால இறையியலாளர் தோமஸ் அக்குவினாஸ் இதனினும் கண்டிப்பானவர். பொன்னைச் செம்பென்று எண்ணி ஒருவன் விற்கையில், வாங்குபவன் உண்மையை அறிந்திருப்பின் அவன் அநீதியாக வாங்கியவனாவான். ஈடு செய்யவும் கடமைப்பட்டவன் என்கிறார். 375 இலக்கம் பொறித்த பேனைக்கு இதனினும் நேரான தீர்ப்பு இருத்தல் இயலாது. தமிழ் மரபிலும், பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழுமிடத்து, விற்பனையில் மட்டுமன்றிக் கொள்முதலிலும் வரம்பு கடவாதவர் எனப் பாராட்டுதல் நோக்கத்தக்கது.

சட்டமோ வேறு வழியிற் சென்றது. 1815ஆம் ஆண்டு நியூ ஓர்லியன்ஸ் நகரிலே ஓர்கன் எனும் வணிகர், பிரித்தானியாவுடனான போர் முடிந்து சமாதானம் ஏற்பட்ட செய்தியை ஊரறியுமுன் அறிந்து, லெயிட்லோ கம்பனியிடம் 111 பீப்பாய்ப் புகையிலையை வாங்கினார். விலையைப் பாதிக்கும் செய்தி ஏதும் உண்டோ என்று விற்பவர் கேட்டபோது அவர் வாளாவிருந்தார். செய்தி பரவியதும் புகையிலை விலை நூற்றுக்கு முப்பது முதல் ஐம்பது வரை ஏறிற்று. 1817இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், வாங்குபவர் தாம் அறிந்ததை வெளியிடக் கடமைப்பட்டவரல்லர் எனத் தீர்த்தது. ஆயினும் ஒருவர் மற்றவரை ஏய்க்கும் வகையில் எதனையும் சொல்லவோ செய்யவோ கூடாது எனப் பிரதம நீதியரசர் மார்ஷல் ஒரு வரம்பையும் இட்டு, வழக்கை மறு விசாரணைக்கு அனுப்பினார். உரோமச் சட்டத்திற் பிறந்த மற்றொரு கோட்பாடு, நியாய விலையின் அரைவாசிக்கும் குறைந்த விலைக்கு நிலத்தை விற்றவருக்கு அவ்விற்பனையைத் தள்ளுபடி செய்யும் உரிமையை வழங்கியது. உரோம-டச்சுச் சட்டத்தின் வழியே அக்கோட்பாடு இலங்கை நிலவழக்குகளிலும் இடம்பெற்றது. தென்னாபிரிக்கா 1952இல் அதனை நீக்கிவிட்டது. இலங்கையின் 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமோ ஆங்கில முறையைத் தழுவியது. காணியை இழந்தவருக்கு இரங்கும் சட்டம் பேனையை இழந்தவருக்கு இரங்குவதில்லை போலும்.

மலிவு வேட்டையாடுவோர் தம் தரப்பில் கூறும் நியாயம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. தமது அறிவு தற்செயலாய்க் காதில் விழுந்த செய்தியன்று என்பர் அவர். ஓர்கன் ஒரு காலைப்பொழுதிற் பெற்றதைத் தாம் பல ஆண்டுகளிற் பெற்றதாகவும், வாங்கி ஏமாந்த பேனைகளும் பழுதுபார்க்கையில் உடைந்த பேனைகளும் அதற்குக் கொடுத்த விலை எனவும் எடுத்துரைப்பர். அவ்வறிவுக்குப் பயன் இல்லையெனின் ஒருவரும் தட்டுகளைக் கிளறப் போவதில்லை; பொன் முள்ளுக்காக எத்தனையோ நல்ல பேனைகள் கழற்றி உருக்கப்பட்டமை போல எஞ்சியவையும் அழியும் என்பது அவர் வாதம். இதில் உண்மை உண்டு. ஐந்து பவுணுக்கு வாங்கி நூறு பவுணுக்கு விற்கப்படும் பேனையில், காய்ந்துபோன இரப்பர்ப் பையை மாற்றி, வளைந்த முள்ளை நிமிர்த்திய உழைப்பின் கூலி ஒரு பங்கு. இனங்காணும் அறிவின் கூலி மற்றொரு பங்கு. இவ்விரண்டையும் கழித்த பின்னரும் ஒரு மிச்சம் உண்டு. அம்மிச்சம் எதிரே நின்றவரின் அறியாமையிலிருந்து மட்டுமே வந்தது. உழைப்பைக் காட்டி அதற்கு உரிமை கோர முடியாது.

ஆயினும் அம்மிச்சத்தை எடுத்தல் எல்லா இடத்திலும் ஒரே தன்மையதன்று. சந்தையிற் கடை விரித்தவர் வாணிகத்தைத் தாமே தேர்ந்தவர். தட்டிலுள்ள பேனைகளை அவரும் எங்கோ மொத்தமாக, அறியாதார் ஒருவரிடமே வாங்கியிருக்கக் கூடும். ஒவ்வொன்றையும் ஆராயும் நேரத்தை மிச்சப்படுத்தி எல்லாவற்றுக்கும் ஒரே விலை இட்டார். அவ்விலைக்குப் பெறாத பேனைகளும் அத்தட்டில் உள்ளன. அவற்றையும் யாரோ அறியாதார் ஐந்து பவுணுக்கு வாங்குவர். நட்டமும் இலாபமும் ஒரே கணக்கிற் சேர்ந்தவை என்பதை அவர் ஏற்றே அமர்ந்திருக்கிறார். பின்னொருநாள் உண்மையை அறிந்தால் அவர் தம்மையே நொந்துகொள்வார். வாங்கியவரை மறுவாரம் கண்டாற் சிரித்துக்கொண்டே திட்டவும் கூடும்.

இறந்த தந்தையின் மேசையைத் துப்புரவு செய்யும் மகளின் நிலை இதுவன்று. வீட்டுக்கு வந்த சேகரிப்பாளரிடம் அவள் பேனையை நீட்டி, 'இது எவ்வளவு பெறும்?' என்று கேட்கிறாள். அவ்வினாவினால் அவர் வாங்குவோர் என்ற நிலையிலிருந்து சான்றோர் என்ற நிலைக்கு மாற்றப்படுகிறார். விலை பேச அவள் முனையவில்லை. தனக்கில்லாத அறிவை அவரிடம் நம்பி வேண்டுகிறாள். 'ஐந்து பவுண் பெறும்' என்று அவர் சொன்னால் அது பொய். 'ஐந்து பவுண் தருவேன்' என்றால் பொய்யன்று. தேர்ந்த வேட்டைக்காரர் இரண்டாவதையே சொல்வர். கேட்ட வினாவை விட்டுக் கேளாத வினாவுக்கு விடை கூறும் இத்தந்திரமே இவ்வாணிகத்தின் மிகப் பழகிய பாவம் எனலாம். அவள் காதில் இரண்டு வாக்கியமும் ஒன்றாகவே ஒலிக்கும் என்பதை அவர் அறிவார். ஒன்றாக ஒலித்தலை நம்பியே அவர் பேசுகிறார். மார்ஷல் இட்ட வரம்பு இங்கே மீறப்படுகின்றது.

அவள் கேளாமலே விலை கூறிவிட்டால்? இதற்கு இஸ்லாமிய நபிமொழி மரபிலுள்ள விதியொன்று துணைபுரிகிறது. பண்டங்களுடன் ஊர் நோக்கி வரும் வணிகக் கூட்டத்தை வழியிலே எதிர்கொண்டு வாங்குதல் ஆகாது. அவ்வாறு வாங்கப்பட்டவன் சந்தைக்கு வந்து விலையறிந்த பின்னர் விற்பனையை முறிக்கும் உரிமையுடையவன். அவ்விதி குறைந்த விலையை விலக்கவில்லை. விற்பவனுக்கு அறிவு வந்து சேருமுன் அவனிடம் போய்ச் சேர்தலையே விலக்குகிறது. பழைய பேனைகள் வாங்கப்படும் என்று விளம்பரமிட்டு வீடு வீடாகச் செல்பவர் நிற்பது அவ்வழியிலேயே. சந்தைத் தட்டைக் கிளறுபவர் அங்கு நிற்கவில்லை.

1995இல் ஈபே போன்ற இணைய ஏலங்கள் தோன்றிய பின்னர் நிலை ஓரளவு மாறியது. பேனையொன்று இறுதியில் என்ன விலைக்குப் போயிற்று என்பதை எவரும் பார்க்கலாம். ஆதலின் தேடிப் பாராதது விற்பவரின் குற்றம் என்று கூறுவோர் பெருகினர். எனினும் தேடுவதற்குத் தேடவேண்டிய பெயர் தெரிந்திருத்தல் வேண்டும். 'பிளம்' எனும் சொல்லையே கேட்டறியாதவர் கருஞ்சிவப்புப் பேனையின் விலையைக் கண்டு மனநிறைவோடு திரும்புவார்.

பேரம் பேசுதலில் வேறொரு சிக்கல் உண்டு. நூறு பெறும் எனத் தெரிந்தும் ஐந்தை மூன்றாக்க முயல்பவர் வாளாவிருப்பதில்லை. முள் தேய்ந்துவிட்டது, மை உறிஞ்சாது என்று பண்டத்தைப் பழிக்கிறார். வாங்கும்போது இகழ்ந்து, அப்பாற் போய்ப் பெருமை பேசும் இவ்வழக்கத்தை விவிலியத்தின் நீதிமொழிகள் நூலும் அறிந்திருந்தது. பேனை சேகரிப்போர் கூடுமிடங்களிற் பேனையின் அழகைவிடக் கொடுத்த விலையின் சிறுமையே உற்சாகத்தோடு எடுத்துரைக்கப்படுவதுண்டு. அக்கதையை விற்றவர் முன்னிலையிற் கூற அவர்கள் விரும்புவரா என்பது ஐயமே.

மாற்று வழி கடினமானதன்று. இலாபம் மட்டும் சிறிது குறையும். மகளிடம், 'இது கடையில் நூறு பவுண் பெறும். பழுதுபார்க்க வேண்டும், வாங்குபவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே நான் ஐம்பது தரலாம்' என்று சொல்லும் வணிகர் தம் உழைப்புக்கும் அறிவுக்கும் கூலியை எடுத்துக்கொண்டே மிச்சத்தை அவளிடம் விட்டுவிடுகிறார். ஸ்கேவோலாவின் பெருந்தன்மைகூட இதற்கு வேண்டியதில்லை. அவள் யோசித்துவிட்டு, அப்பா எழுதிய பேனை, அது இவ்வளவு பெறுமெனின் வீட்டிலேயே இருக்கட்டும் என்று திரும்ப வாங்கி இலாச்சிக்குள் வைத்துவிடுவதும் உண்டு.