டி செல்லுக்கும் ஊழ் உண்டா?

தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளையும் காவடியோடு ஏறுபவர்களில் பலருக்கு, வினை தீரவேண்டும் என்பதே வேண்டுதல். சைவ சித்தாந்தம் வினையை மூன்றாக வகுக்கிறது: சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், இப்போது அனுபவிக்கும் பிராரத்தம், இனிச் சேர்க்கும் ஆகாமியம். முதலிரண்டும் முன்பே வாய்த்தவை என்றால், மூன்றாவதில் மனிதருக்கு எவ்வளவு சுதந்திரம்?

அலகு குத்திய கன்னத்தில் திரளும் நோயெதிர்ப்புச் செல்களைப் பற்றியும் இதைக் கேட்கலாம்.

நோயெதிர்ப்புச் செல்களில் ஒன்றான, இன்னும் எந்த வகையாகவும் மாறாத உதவி டி செல்லுக்கு இன்டர்லூக்கின்-12 சமிக்ஞை கிடைத்தால், டி-பெட் புரதம் மேலோங்கும். செல்லுக்குள் புகுந்த கிருமிகளை எதிர்க்கும் முதல் வகை உருவாகும். இன்டர்லூக்கின்-4 கிடைத்தால் காட்டா-3 மேலோங்கும். குடற்புழுக்களை எதிர்க்கும் இரண்டாம் வகை உருவாகும். இரு புரதங்களும் ஒன்றையொன்று அடக்கும்.

2006இல் ஆய்வாளர் லூயிஸ் மெண்டோசா இந்த வலைப்பின்னலைக் கணினி மாதிரியாக்கினார். அது விரல்விட்டு எண்ணக்கூடிய சில நிலைகளில் மட்டுமே வந்து நின்றது. 1957இல் உயிரியலாளர் வாடிங்டன் வரைந்துகாட்டிய, பள்ளங்கள் பிரியும் சரிவில் உருளும் பந்தைப் போல.

அப்படியானால் எல்லாம் விதியா? பள்ளங்கள் முன்பே அமைந்தவை. எதில் விழுவது என்பதைச் சமிக்ஞை தீர்மானிக்கிறது. விழுந்த பின்னும் மாறலாம்: பதினேழாம் வகை எனப்படும் வேறு உதவி டி செல்கள் பின்னர் முதல் வகையாக மாறுவதும் உண்டு. ஆனால் ஆகாமியத்துக்குச் செய்பவர் ஒருவர் வேண்டும். அந்தக் கணினி மாதிரியின் சமன்பாடுகளில் அப்படி யாருமில்லை. செல்லின் கணக்கைக் காட்டி மனித விதியை நிறுவ முனைபவர்கள் முதலில் பதில் சொல்லவேண்டியது இதற்குத்தான்.