குறை கையிலா, பொறியிலா?

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரங்களில் உருவாகி ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்லும் தோல் காலணிகளின் மேற்பகுதிகள் பெரும்பாலும் பெண்களின் கைகளாலேயே தைக்கப்படுகின்றன. வரிசை வரிசையாகத் தையற்பொறிகள். ஒவ்வொன்றின் முன்னும் ஒருத்தி. நாளொன்றுக்கு இத்தனை ஜோடி என்றோர் இலக்கு. அந்தக் கூடத்தில் அன்றாடம் ஒரு வழக்கு நடக்கிறது. எங்கோ ஓரிடத்தில் தையல் விட்டிருக்கும். கண்காணிப்பாளர் அதைத் தூக்கிப் பிடித்து, "உன் கை சரியில்லை" என்பார். "இல்லை சார், மெஷின்தான் சரியில்லை" என்பாள் அவள். இருவருக்கும் நடுவே தீர்ப்புச் சொல்ல ஒருவர் அழைக்கப்படுகிறார். அவர் சட்டம் படித்தவரல்லர்; திருப்புளியும் எண்ணெய்க் குப்பியுமாக வந்து நிற்கும் மெக்கானிக்.

இந்த நீதிபதிக்கு ஒரு சங்கடம் உண்டு. பொறியைப் பேணும் பொறுப்பு அவருடையது. "குறை பொறியில்தான்" என்று சொன்னால், "நான் சரியாகப் பார்க்கவில்லை" என்றும் சேர்த்துச் சொன்னதாகிறது. "குறை கையில்" என்றால் அவர் தப்பினார். தன் வழக்கைத் தானே விசாரிக்க எந்த நீதிமன்றமும் ஒருவரை விடுவதில்லை. இங்கே நாள்தோறும் அதுதான் நிகழ்கிறது. அதைக் குறித்து நாம் சிந்தித்ததும் இல்லை.

வழக்கின் நுட்பம் விளங்க, தையல் எவ்வாறு விழுகிறது என்று சற்றே பார்க்க வேண்டும். கையால் தைக்கும் ஊசிக்குக் காது மேற்புறம் இருக்கும். பொறியின் ஊசிக்கோ முனையருகில். 1846இல் அமெரிக்காவில் எலியாஸ் ஹோ காப்புரிமை பெற்ற பொறியிலும் ஊசி இப்படியே. நூலுடன் அது தோலைத் துளைத்து அடிவரை இறங்கி, ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் மேலே எழும்புகிறது. அந்தச் சிறு எழுச்சியில் நூல் தளர்ந்து ஊசியின் ஓரமாக ஒரு கண்ணியாய் விரிகிறது. அக்கணமே கீழே சுழலும் கொக்கியின் கூர்முனை வந்து கண்ணியைக் கவ்வி, பாபினைச் சுற்றிக் கொண்டுபோய், மேல்நூலையும் கீழ்நூலையும் பிணைத்துவிடுகிறது. கொக்கி முனைக்கும் ஊசிக்கும் இடையே ஒரு தாளின் கனத்துக்கு மேல் இடைவெளி ஆகாது. நிமிடத்துக்கு ஆயிரம் முறைக்கும் மேலாக இது நடக்கிறது. கண்ணி விரியாவிட்டாலும், விரிந்த கண்ணிக்குக் கொக்கி பிந்தி வந்தாலும் தையல் விடும்.

கண்ணி ஏன் விரியவில்லை? ஊசி வளைந்திருக்கலாம், பக்கம் மாற்றி மாட்டப்பட்டிருக்கலாம், நூல் தவறான வழியில் கோக்கப்பட்டிருக்கலாம். இவை தைப்பவள் கவனிக்க வேண்டியவை. கொக்கி தேய்ந்திருக்கலாம், ஊசித்தண்டு அரை மில்லிமீட்டர் இடம் மாறியிருக்கலாம், மேலிருந்து அழுத்தும் பாதம் தளர்ந்து, ஊசி ஏறும்போது தோலும் கூடவே எழும்பியிருக்கலாம். இவை மெக்கானிக் கவனிக்க வேண்டியவை. மலிவென்று வாங்கிய நூலே மட்டமாய் இருக்கலாம். இது யார் பொறுப்பு என்று அந்தக் கூடத்தில் எவரும் உரக்கக் கேட்பதில்லை. காரணங்கள் பலவாயினும் கண்ணுக்குத் தெரிவது ஒன்றே. விடுபட்ட தையலை மட்டும் பார்த்து எவராலும் காரணம் கூற இயலாது.

ஆகவே அவர் சோதித்துப் பார்க்கிறார். எப்படிச் சோதிக்கிறார் என்பதில்தான் அறம் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். கழிவுத்துண்டு ஒன்றை எடுத்து, ஒற்றைத் தோலில், நிதானமாக, நேர்க்கோட்டில் தைத்துக் காட்டுகிறார். தையல் அழகாக விழுகிறது. "பார், மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது." சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் அவளுக்குத் தையல் விட்டது மூன்று தோல்கள் ஒன்றுசேரும் குதிகால் வளைவில், இலக்கை எட்ட ஓட்டிய வேகத்தில். அந்த வளைவில், அந்த வேகத்தில் தைத்துப் பாராத சோதனை, சாட்சியை அழைக்காமலே எழுதிய தீர்ப்பு. உண்மை பேசியபடியே ஒருவரைக் குற்றவாளியாக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

கைகளில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. அவசரத்தில் தோலைப் பிடித்து இழுப்பார்கள். ஊசி வளைந்து எஃகில் மோதும். கொக்கியின் முனையில் பிசிறு எழும். பிறகு நூல் அதில் உரசி உரசி அறும். இரக்கமுள்ள மெக்கானிக் பிசிறைத் தேய்த்துவிட்டு, "மெஷின் கோளாறுதான்" என்று சொல்லி அவளைக் காப்பாற்றுவார். அந்த வேளைக்கு அது கருணை. ஆனால் மறுவாரம் அதே பிசிறு எழும். அவள் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. நாளை பொறியே உண்மையில் பழுதானால் அவர் சொல்லும் எடுபடாது. குறையை அவளிடம் சொல்வது ஒன்று, அவளைப் பற்றிக் கண்காணிப்பாளரிடம் சொல்வது மற்றொன்று. முன்னதைத் தவிர்ப்பதற்காகப் பொய் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. மோட்டாரை நிறுத்திவிட்டு, "இங்கே நகத்தை ஓட்டிப் பாரம்மா, தட்டுப்படுகிறதா?" என்று காட்ட அரை நிமிடம் போதும்.

சோதித்த பின்னும் ஐயம் தீராத வேளைகள் உண்டு. அப்போது எந்தப் பக்கம் சாய்வது? பொறியின் மேல் வீண்பழி போட்டால் அரைமணி நேரம் நட்டமாகும், பொறிக்கு மானமில்லை. அவள் மேல் வீண்பழி போட்டால் அவள் பெயர் போகும். தோலின் இயல்பு இதை இன்னும் கடுமையாக்குகிறது. துணியில் தவறிய தையலைப் பிரித்தால் இழைகள் ஓரளவு கூடிக்கொள்ளும். தோலில் ஊசி இட்ட துளை மூடுவதே இல்லை. அருகருகே மறுபடியும் துளைத்தால் தபால்தலையின் ஓரத்தைப்போல் கிழியும். ஆதலால் விடுபட்ட தையலுக்கு ஒரு கணக்கு எழுதியே ஆக வேண்டும். அதை யார் பெயரில் எழுதுவது என்பதே வழக்கு. ஐயமென்றால் முதலில் பொறியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

லாரிகளுக்குப் படுதா தைக்கும் சிறு கடைகளில் இந்த வழக்கு எழுவதில்லை. தைப்பவரே எண்ணெய் விடுகிறார். ஊசியையும் அவரே மாற்றுகிறார். தோலை வெட்டிச் செல்லும் முனையுடைய ஊசியைக் கான்வாஸில் போட்டால் இழைகள் அறுபடும் என்றறிந்து உருண்டை முனை ஊசியைப் போடுகிறார். தையல் விட்டால் திட்டுவது தன்னை, அல்லது சும்மா நிற்கும் பொறியை. (பொறியைத் திட்டுவதே அதிகம்.) தொழிற்சாலையிலோ கை ஒருவருடையது, பொறி வேறொருவருடையது, அதைப் பேணும் அறிவு மூன்றாமவருடையது.

உழைப்பைப் பற்றி 1981இல் வெளியிட்ட சுற்றுமடலில், பொறி மனிதனின் துணைவன் என்றும், அவனைத் தன் அடிமையாக்கும் அளவுக்குப் பகைவனாகவும் மாறக்கூடும் என்றும் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எழுதினார். பெரிய ஆலைகளையும் வேலையிழப்பையும் மனத்தில் கொண்டே நாம் அதைப் படித்துப் பழகிவிட்டோம். இடம் மாறிய ஊசித்தண்டுக்கும் அது பொருந்தும். பேசாத பொறியின் பக்கம் எல்லாரும் நிற்க, பேசத் தெரிந்தவளின் சொல் மட்டும் ஏற்கப்படாமல் போகும் நாளில் யார் எசமான், யார் ஏவலர்?

ஒவ்வொரு பொறிக்கும் ஓர் அட்டை வைத்திருக்கும் ஆலைகள் உண்டு. எண்ணெய் மாற்றிய நாள், கொக்கி மாற்றிய நாள், மெக்கானிக்கின் கையொப்பம். பாராமலே ஒப்பமிடுவோர் கையில் அது வெறும் சடங்கு. ஒழுங்காக எழுதினாலோ, ஒரே பொறியில் மூன்று பெண்கள் மாறி அமர்ந்தும் அதே வளைவில் தையல் விட்டதை அட்டையே காட்டிக்கொடுத்துவிடும். அந்த அட்டையில் இன்னும் ஒரு கட்டம் வேண்டும்: பொறி முன் அமர்பவள் தான் கண்ட குறையைத் தன் கையால் எழுதும் கட்டம். எழுதும் பேனாவும் கண்காணிப்பாளரின் மேசையில் இருக்கலாகாது. அட்டையோடு சேர்த்து ஒரு நூலில் கட்டித் தொங்கவிட வேண்டும்.