ஈகையும் அதன் விலையும்

ஈகை நன்று என்பதில் எச்சமயத்தாருக்கும் கருத்து வேற்றுமையில்லை. ஆனால், ஈகின்றவனுடைய நோக்கம் யாது என்று கேட்கத் தொடங்கினால் பலர் முகஞ் சுளிக்கின்றனர். "பசித்தவனுக்குச் சோறு கிடைத்துவிட்டது, கொடுத்தவன் என்ன நினைத்துக் கொடுத்தால் என்ன?" என்பது அவர்கள் வாதம். இது எளிதில் தள்ளத்தக்க வாதமன்று. புகழுக்காக இட்ட சோறும் பசியை ஆற்றவே செய்யும். அங்ஙனமிருக்க, கிறிஸ்து மார்க்கம் கொடுப்பவனுடைய உள்ளத்தை இத்துணை வற்புறுத்துவது ஏன்?

மனிதர் காணும்பொருட்டுத் தருமஞ் செய்கிறவன், அவர்கள் தரும் புகழிலேயே தன் கூலியைப் பெற்றுத் தீர்த்துவிட்டான் என்பது மலைப் பிரசங்கத்தில் இயேசுநாதர் உணர்த்திய கருத்து. கூலி என்பதை நாம் ஊன்றி நோக்கவேண்டும். கூலி பெற்றுச் செய்வது வேலை. விலை பெற்றுக் கொடுப்பது வியாபாரம். இரண்டும் இழிந்தவையல்ல, எனினும் அவற்றை ஈகையென்று சொல்வதற்கில்லை.

அவ்விலையைச் செலுத்துகிறவன் யார்? பெரும்பாலும் வாங்குகின்ற ஏழையே. பலர் முன்னிலையில் கைகூப்பி நிற்பதும், பின்னொரு நாள் கொடுத்தவருடைய அநீதியைக் கண்டும் வாய் திறவாதிருப்பதும் அவன் செலுத்தும் விலையாகும். சோறு ஒரு வேளைக்கு. தலைகுனிவோ ஆயுள் முழுமைக்கும். ஆதலின், கொடுப்பவனுடைய நோக்கம் அவன் ஆன்மாவை மட்டும் பற்றியதன்று. வாங்குபவனுடைய மானத்தையும் பற்றியதாகும்.

எரிகோ நகரத்து ஆயக்காரர் தலைவனாகிய சகேயு, தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகச் சொன்னதோடு நிற்கவில்லை. எவரிடமேனும் அநியாயமாய்ப் பறித்திருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் கூறினான். தருமம் வேறு, பட்ட கடனைத் தீர்ப்பது வேறு என்பதை அவன் உணர்ந்திருந்தான். உழைத்தவனுக்குரிய கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதில் ஒரு பகுதியைத் தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோ அவனுக்கே துணியாக வழங்குவதைத் தருமமென்று எவ்வாறு கூறுவது? வயலறுத்தோர் கூலியைத் தராது வைத்துக்கொண்ட செல்வரை யாக்கோபின் நிருபம் வன்மையாகக் கண்டிக்கின்றது.

அனனியாவின் வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. அவன் நிலத்தை விற்று, ஒரு பகுதியை மறைத்துக்கொண்டு, எஞ்சியதை அப்போஸ்தலர் முன் வைத்தான். நிலமும் அதன் விலையும் அவனுடையவையே என்பதைப் பேதுருவே ஒப்புக்கொள்கிறார். எனவே, தனக்கென வைத்துக்கொண்டது குற்றமன்று. முழுவதும் கொடுத்தவன்போல் நடித்ததே குற்றம். உண்மையோடு கொடுத்த ஒரு காசு, நடிப்போடு கொடுத்த ஆயிரத்தினும் மேலானது.

கொடுத்தவர் பெயரை வெளியிடாவிட்டால் கணக்கில் ஒழுங்கு இராதே என்று சிலர் அஞ்சுவர். 1836இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அனாதைப் பிள்ளைகளுக்கு இல்லந் தொடங்கிய ஜார்ஜ் முல்லர் இவ்வச்சத்துக்கு விடை காட்டியுள்ளார். எவரிடமும் பணம் கேட்பதில்லை என்ற விரதமுடைய அவர், வந்த நன்கொடைகளை ஆண்டறிக்கையில் வெளியிட்டார். கொடுத்தோர் பெயர்களை வெளியிடவில்லை. கணக்கு வெளிச்சத்தில் இருந்தது. பெயர் மறைவில் இருந்தது. நம்மிடையிலோ, விளக்கிலும் விசுப்பலகையிலும் 'உபயம்' என்ற எழுத்து ஒளிவிடுகின்றது. கணக்கைக் கேட்டால் மட்டும் சிலருக்குக் கோபம் வருகின்றது.

அப்படியாயின், உள்ளம் முற்றும் தூய்மையடையும் வரை ஒருவன் கொடாதிருக்கலாமா? கூடாது. பசித்தவன் நம் மனம் திருந்தும் நாளை எதிர்நோக்கிக் காத்திருக்க முடியாது. கொடுத்துக்கொண்டே உள்ளத்தைத் திருத்திக்கொள்வதே தக்க வழி. அதற்கு ஓர் உரைகல்லும் உண்டு. இன்று நம்மிடம் உதவி பெற்றவன் நாளைச் சங்கக் கூட்டத்தில் நம் கருத்தை எதிர்த்துப் பேசினால், "இவனுக்கா கொடுத்தோம்!" என்று நம் மனம் குமுறுமா? குமுறுமாயின், நாம் அவனுக்குக் கொடுக்கவில்லை. அவனை விலைக்கு வாங்க முயன்றோம் என்பதே பொருள்.

அன்பர்களே! கொடுப்பதை நிறுத்தற்க, விலை கேட்பதை நிறுத்துக. கிறிஸ்தவர்களுக்கு மட்டுமன்றி, கொடுக்கும் கையுடைய யாவருக்கும் நாம் விடுக்கும் வேண்டுகோள் இதுவே.