பகைவன் யார் என்று கேட்கும் குழந்தை

1971 டிசம்பர் 3-ஆம் நாள் இந்திய – பாகிஸ்தான் போர் மூண்டது. அன்றைய பம்பாயில் இருட்டடிப்பு நடைமுறைக்கு வந்தது. மாதுங்கா வீடுகளின் சன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டப்பட்டது. தாராவிக் குடிசைகளில் விளக்கொளி வெளியே கசியாதபடி மறைக்கப்பட்டது. செம்பூரை அடுத்த டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணு ஆராய்ச்சி நிலையமும் இருந்தமையால் அங்கு அஞ்சுவதற்குக் காரணம் கூடுதலாகவே இருந்தது. ஆயினும் மறைக்கப்பட்ட விளக்கின் கீழ் குழந்தைகள் பாடம் படித்தனர், உண்டனர், உறங்கினர். அபாயச் சங்கு ஒலித்தால் விழித்து, "யார் நம்மைத் தாக்க வருகிறார்கள்?" என்று கேட்டனர்.

இக்கேள்விக்குப் பெரியோர் கூறும் விடை சாதாரணமானதன்று. 'அவர்கள் கொடியவர்கள்' என்றால் போதும். அச்சம் கோபமாக மாறி, அழுகை நின்றுவிடும். வெறுப்பு உடனே பலன் தரும் மருந்து. அதனாலேயே அது ஆபத்தானது. நாட்டைக் காக்க வெறுப்பு வேண்டாமா என்று சிலர் வினவலாம். அர்ஜுனனை வில்லெடுக்கச் சொன்ன அதே கண்ணன், கீதையின் பதினோராம் அத்தியாய முடிவில், எவ்வுயிரிடத்தும் பகைமை அற்றவனே தன்னை அடைகிறான் என்கிறான். போர்க்களத்தில் நிற்பவனுக்கே இது விதியென்றால், ஆயுதமே ஏந்தாத சிறுவனுக்கு வெறுப்பு எதற்கு?

டிசம்பர் 4 இரவு இந்தியக் கடற்படை கராச்சித் துறைமுகத்தைத் தாக்கியது. போர் நியாயமானதாகவே இருக்கட்டும். அந்நகரத்துக் குழந்தைகளும் அவ்விரவில் தாயின் மடியைத்தான் தேடியிருப்பர். உறங்கிய தன் ஐந்து புதல்வரைக் கொன்ற அசுவத்தாமனைக் கட்டி இழுத்து வந்தபோது, அவனை விடுவிக்குமாறு திரௌபதி வேண்டியதைப் பாகவதம் கூறுகிறது. அவன் குற்றத்தை அவள் மறைக்கவில்லை. தான் அழுவதுபோல் அவனுடைய தாய் கிருபியும் அழ வேண்டாம் என்றாள். இதைக் குழந்தைக்குச் சொல்லலாம். இதில் பொய்யும் இல்லை, கோழைத்தனமும் இல்லை.

வெறுப்புக்கு நாட்டு எல்லை தெரியாது. 1971-இல் பத்து வயதினர் 1992-இல் தாய் தந்தையராகியிருந்தனர். அவ்வாண்டு டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பை கலவரத்தில் எரிந்தது. தாராவியில் ஒரே குழாயில் நீர் பிடித்தவர்கள் ஒருவரையொருவர் அஞ்சினர். இம்முறை குழந்தைகள் கேட்ட 'அவர்கள்' அடுத்த சந்தில் இருந்தார்கள். சிறுவயதில் கேட்ட பேச்சே இதற்கெல்லாம் காரணம் என்பது மிகையாகும். எனினும் 'அவர்கள்' என்ற சொல்லை உச்சரிக்கும் பழக்கம் எங்கோ ஒரு வீட்டில்தான் தொடங்குகிறது.

கலவரம் ஓய்ந்தபின், அமைதிக்காக உழைத்த தாராவிவாசிகள் ஒரு சுவரொட்டியை வெளியிட்டனர். நான்கு சமயத்தாரின் உடைகளில் நான்கு சிறுவர்கள்; அருகே, 'நாம் அனைவரும் ஒன்றே' என்று இந்தியில் ஒரு வரி.